காசி காட்டிய மூன்று குழிகள்

சங்கரன்கோவிலில் காசியைப் பற்றிப் பேச்செடுத்தால் அவன் கைகளில்தான் பேச்சு தொடங்கும். மேலநீலிதநல்லூரில் மழை இல்லாமல் போன ஒரு வருஷம் பிழைப்புத் தேடி வந்தவனை, ராஜபாளையம் ரோட்டில் சாயப்பட்டறை வைத்திருந்த ஜெயசிங் சேர்த்துக்கொண்டார். முதலில் நூல் சிப்பம் தூக்கினான். கூலி கூட்டிக் கேட்ட இரண்டு பேரை ஒருநாள் முதலாளி சொல்லி அடித்தான். அதற்குப் பிறகு சிப்பம் தூக்க அவனை யாரும் கூப்பிடவில்லை. அடிப்பதே அவன் வேலை என்றாகிவிட்டது.

எழுபத்தைந்தில் பட்டறை நொடித்தது. பூட்டுவதற்கு முந்தின வாரம் முதலாளி மூன்று இடத்தில் குழி வெட்டச் சொன்னார். காஸ்டிக் சோடா தண்ணீர் மிஞ்சிய டிரம்களையும், தொட்டிகளின் அடியில் தங்கியிருந்த சாயச் சேற்றையும் காசி அவற்றில் இறக்கினான். மேலே இடுப்பளவுக்கு மண்ணைத் தள்ளி மூடினான். அவனோடு குழி வெட்டிய இரண்டு பேரும் பிழைப்புக்குப் பம்பாய் போய்விட்டார்கள். அதன்பின் குழிகள் இருக்கும் இடம் முதலாளிக்கும் அவனுக்கும் மட்டுமே தெரியும்.

ஆறு வருஷம் அங்கே உடைமரம் மண்டிக் கிடந்தது. எண்பத்தொன்றில் ஜெயசிங் அதை வெட்டிச் சுத்தம் செய்து, கல் நட்டு, வீட்டு மனைகளாக விற்றார். முதல் மனையை வாங்கியவர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்த பீர் மைதீன். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வந்த சித்தாள்களில் பேச்சி என்றொருத்தி. முப்பது வயது இருக்கும்.

காலை பத்து மணிக்கு, தோண்டிய வானத்துக்குள் மண்சட்டியோடு நின்றிருந்த பேச்சியின் காலடி உள்வாங்கியது. துருப்பிடித்த டிரம் மூடி ஒன்று உடைந்து, முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டாள்.

"என்னமோ சோப்புத் தண்ணி மாரி வழுவழுன்னு இருக்கு" என்று சிரித்தாள். கொத்தனாரும் சிரித்தார்.

முதலாளி சொல்லி மேற்பார்வைக்கு நின்றிருந்த காசி சிரிக்கவில்லை. ஓடிவந்து அவள் அக்குளில் கைகொடுத்து இழுத்தான். குடம் குடமாகத் தண்ணீரை எடுத்து அவள் கால்களில் ஊற்றினான். ஊற்ற ஊற்றத் தோல் காலுறை போலச் சுருண்டு இறங்கியது. அப்போதுதான் பேச்சி அலறினாள். அந்த அலறல் கேட்டு ரோட்டில் போன வில்வண்டி மாடு மிரண்டு ஓடியது.

பீர் மைதீன் அவளைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். திரும்பி வந்து, தாசில்தாரிடம் மனு கொடுக்கப் போவதாகக் கடையில் எல்லோரும் கேட்கச் சொன்னார்.

ஜெயசிங் காசியைக் கூப்பிட்டார். "ஏலே, அந்த டீக்கடைக்காரன் வாயத் தொறக்கப்பிடாது. போ."

மறுநாள் விடிந்ததும் காசி கடைக்குள் போனான். பாய்லரைக் காலால் எத்தினான். பீர் மைதீனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். முதல் அடியில் அவர் உதடு கிழிந்தது. விறகுக் கட்டையால் போட்ட போட்டில் வலது முழங்கை முறிந்த சத்தம் எதிர்க்கடை வரைக்கும் கேட்டது. ஒருத்தரும் கிட்டே வரவில்லை.

பீர் மைதீன் தரையில் கிடந்தபடி அவனைப் பார்த்தார். "வே காசி, நேத்து அந்தப் பிள்ளை காலுல நீருதான தண்ணி ஊத்துனீரு? அது என்னன்னு ஒமக்குத் தெரியும். இன்னும் எத்தன குழி இருக்கு? அத மட்டும் சொல்லிட்டு அடியும்."

காசி கட்டையை ஓங்கினான்.

"நாளைக்கு அடுத்த மனையில வானம் தோண்டுதாங்க. பொம்பளைங்கதான் எறங்குவாங்க. எத்தனன்னு சொல்லும்வே!"

ஓங்கிய கட்டை அப்படியே நின்றது. அத்தனை பேரை அடித்திருக்கிறான், யாரும் அவனிடம் கேள்வி கேட்டதில்லை. அழுவார்கள், கும்பிடுவார்கள், ஓடுவார்கள். கட்டையை எறிந்துவிட்டு, "இன்னும் ரெண்டு" என்றான்.

மறுநாள் காலை அடுத்த மனையில் ஆட்கள் இறங்கும்போது காசி குறுக்கே போய் நின்றான். கடப்பாரையைப் பிடுங்கி எறிந்தான். "மேல ஏறுங்க! அடியில காஸ்டிக் கெடக்கு!"

ஜெயசிங் காரிலிருந்து இறங்கி வந்து செருப்பைக் கழற்றி அவன் கன்னத்தில் அறைந்தார். "எஞ்சோத்தத் தின்ன நாயி!"

இருபது வருஷம் அவர் சொல்லி அடித்த கை, அன்றைக்கு யாரும் சொல்லாமல் எழுந்தது. முதலாளியின் தாடை இறங்கிப்போனது. கூட வந்திருந்த இரண்டு பேர் அரிவாளோடு பாய்ந்தார்கள். தலைக்கு வந்த வெட்டைக் காசி இடது கையால் தடுத்தான். மூன்று விரல்கள் மண்ணில் விழுந்தன. விரல் போன கையாலேயே ஒருவன் கழுத்தை நெரித்துக்கொண்டு புரண்டான். சித்தாள்கள் மண்வெட்டியும் கல்லுமாகச் சூழ்ந்தபிறகுதான் அரிவாள்காரர்கள் ஓடினார்கள்.

போலீஸில் காசி எதையும் மறைக்கவில்லை. குழி வெட்டியது, டிரம் இறக்கியது, பீர் மைதீன் கையை முறித்தது என்று எல்லாவற்றையும் சொன்னான். தாசில்தார் மனை விற்பனையை நிறுத்தினார். ஜெயசிங் மீதும் வழக்குப் போட்டார்கள். தாடையில் கம்பி கட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தவரால் வக்கீலிடம்கூடத் தெளிவாகப் பேச முடியவில்லை.

ஜாமீனில் வந்ததும் குழிகளை அடையாளம் காட்ட அதிகாரிகள் காசியைக் கூட்டிப்போனார்கள். காட்டினான். உள்ளே இறங்க ஆள் கிடைக்கவில்லை. முழங்கால் பூட்ஸ் போட்டு, இடுப்பில் கயிறு கட்டி அவனே இறங்கினான். பதினேழு நாள். டிரம்களை ஒவ்வொன்றாகச் சங்கிலி மாட்டி ஏற்றினார்கள். நீலமும் சிவப்பும் ஊறிய மண்ணை, நல்ல மண் தெரிகிற வரைக்கும் வெட்டினான். கொப்புளம் உடைந்து கைகள் நாறின. முதல் லோடு மண்ணை ஓடையில் கொட்டக் கிளம்பிய லாரி முன்னால் போய்ப் படுத்துக்கொண்டான். "அங்கன ஆடு தண்ணி குடிக்கி. எம்மேல ஏத்திட்டுப் போ!" சிமெண்டுத் தொட்டி கட்டி அதில் கொட்டி மூடலாம் என்று இன்ஜினியர் ஒத்துக்கொண்ட பிறகே எழுந்தான்.

எட்டாம் நாள் பேச்சி வந்தாள். தம்பி அவளைத் தாங்கிக் கூட்டி வந்திருந்தான். குழியின் விளிம்பில் நின்று, உள்ளே குனிந்திருந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். அது காசியின் நெற்றியைப் பிளந்தது.

"பொதைக்கும்போது தெரியலயா ஒனக்கு? ஏலே, தெரியலயா?"

இரத்தம் கண்ணில் இறங்கியது. அடுத்த கல்லுக்கும் அவன் விலகவில்லை. மூன்றாவதை எறிவதற்குள் தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

காசிக்கு ஒன்றரை வருஷம் தண்டனை. பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து வெளியே வந்தபோது அந்த இடத்தில் தளம் போட்டு லாரி நிறுத்தமாக்கியிருந்தார்கள். அதில் வீடு கட்டவோ கிணறு தோண்டவோ அனுமதி இல்லை. பீர் மைதீன் ஊருக்குள் வேறு மனை வாங்கியிருந்தார். முறிந்த கை நேராக நீளாது. டீயை இடது கையால் ஆற்றினார். காசி கடைக்குப் போனால் டீ கொடுப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அந்த வருஷம் ஒருநாள் காசி எலுமிச்சம்பழ மூடை ஏற்றும் வேலைக்காகப் புளியங்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். பேச்சி கம்பூன்றி ஏறினாள். உட்கார இடமில்லை. காசி சட்டென்று எழுந்து தள்ளி நின்றான். அவள் அந்த இடத்தையும் அவனையும் பார்த்தாள். உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்தபடி நின்றாள். காசியும் நின்றான். புளியங்குடி வரைக்கும் அந்த இடம் காலியாகவே போயிற்று.