மேட்டுத் தெரு வீட்டின் ஏழு குழாய்கள்

மேயர் ஆவதற்கு முன் அவர் இருபத்தாறு வருடம் குழாய்க்கடை வைத்திருந்தார். குழாய், வால்வு, வாஷர், குளியலறைச் சாமான் எல்லாம் கிடைக்கும். கடைக்கு ஒரே ஒரு சட்டம்தான். வாசல் ஏறி வந்தவரிடம் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. கேட்ட பொருள் கடையில் இல்லையென்றால், “வந்துடும், உக்காருங்க” என்று முக்காலியை நகர்த்திப் போடுவார். மின்விசிறியை வந்தவர் பக்கம் திருப்பிவிடுவார். பிறகு பின்கதவு வழியாக அடுத்த தெருவுக்கு ஓடி, போட்டிக்கடையிலேயே அந்தப் பொருளை வாங்கி, மூச்சிரைப்பதை மறைத்துக்கொண்டு கொண்டுவந்து நீட்டுவார்.

“இல்லைன்னு ஒரு தடவ சொல்லிட்டா அந்த ஆளு மறுபடி நம்ம பக்கம் எட்டிப் பாக்க மாட்டான்” என்பார் மனைவியிடம்.

“அவங்க எட்டிப் பாக்கறாங்களோ இல்லையோ, உங்க செருப்புதான் தேயுது” என்பாள் அவள்.

அதில் பொய் எதுவும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். வந்துடும் என்றால் வந்தது. இன்று இல்லாவிட்டால் நாளை காலை, அவரே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அப்போதைய மேயர் எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்று சொல்லியே இரண்டு தடவை பதவியை ஓட்டிவிட்டவர். ஊருக்கு அது புளித்துப்போயிருந்தது. வியாபாரிகள் கூடிப் பேசி இவரை நிறுத்தினார்கள். வாக்குக் கேட்கப் போன வீடுகளில் இவர் பேசியதைவிடக் குனிந்ததுதான் அதிகம். சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்து, ஒழுகும் இடத்தை விரலால் தடவிப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்துப் போட்டுவிட்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார். எதிரணி அதை லஞ்சம் என்று புகார் கொடுத்தது. வாஷர் அளவுக்கு லஞ்சம் உண்டா என்று அதிகாரிகள் யோசித்து முடிப்பதற்குள் வாக்குப்பதிவே முடிந்துவிட்டது.

அந்தத் தேர்தல் பரபரப்பில்தான் அவருடைய அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை. ஊரின் வடக்கு ஓரத்தில், மேட்டுத் தெருவில் ஒரு வீடு பார்த்திருந்தாள். கீழ்த் தெருவிலும் ஒன்று இருந்தது. ஆனால் மேட்டில் காற்று நன்றாக வந்தது.

“காத்தெல்லாம் சரிதான்டா. தண்ணி வருமா?”

சுற்றி நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். “வந்துடும்க்கா” என்றார், வாய்ப் பழக்கத்தில்.

அந்த மேடு மாநகராட்சித் தண்ணீர்த் தொட்டியைவிட உயரம். அது அவருக்குத் தெரியும். தொட்டிக்கு மேலே இருக்கும் தெருவுக்குத் தண்ணீர் தானாக ஏறாது என்பது குழாய்த் தொழிலில் முதல் வாரமே கற்றுக்கொள்ளும் பாடம். தெரிந்தேதான் சொன்னார். கேட்டது அக்கா என்பதுகூட அந்த நேரத்தில் அவர் மண்டையில் ஏறவில்லை. கேட்டது ஒரு வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

அக்கா வீட்டை வாங்கினாள். தம்பி கடையிலேயே ஏழு குழாய் வாங்கி, சமையலறையிலிருந்து கொல்லைவரை பொருத்தினாள்.

தேர்தலில் ஜெயித்தார். மேயர் அறைக்கும் ஒரு பின்கதவு இருந்தது. முதல் நாளே ஆசையாகத் திறந்து பார்த்தார். கழிப்பறை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. விளக்கு கேட்டவர்கள், சாக்கடை மூடி கேட்டவர்கள், பேருந்து நிழற்குடை கேட்டவர்கள் எல்லோரும் “வந்துடும்” என்ற ஒரு சொல்லோடு சந்தோஷமாகப் படியிறங்கினார்கள். விளக்கு வந்தது. சாக்கடை மூடி பாதி வந்தது. மீதிக்குப் போட்டிக்கடை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

மேட்டுத் தெருவுக்கு வாரம் இரண்டு நாள் தண்ணீர் லாரி வந்தது. ஞாயிறுதோறும் அக்கா கூப்பிடுவாள். ஞாயிறுதோறும் அவர் வந்துடும் என்பார். அவள் அதை அப்படியே அக்கம்பக்கம் போய்ச் சொல்லுவாள். “என் தம்பி சொல்லியிருக்கான். குழாய்க்காரனுக்குத் தெரியாத தண்ணியா?” தெருவில் நாற்பத்தொரு வீடு. யாரும் அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை.

நான்காவது வருடம், அடுத்த தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மாநகராட்சிப் பொறியாளர் வரைபடத்தை மேசையில் விரித்தாள். மேட்டுத் தெருவுக்குத் தனித் தொட்டியும் தனி மோட்டாரும் கேட்டு அரசுக்கு அனுப்பிய மனு மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது.

“இனிமே அனுப்பறதுல அர்த்தம் இல்ல சார். அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணி வராது.”

“தெரியும்மா” என்றார் அவர்.

“எப்பலேர்ந்து சார்?”

அவர் வரைபடத்தை மடித்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை மேட்டுத் தெருவுக்குப் போனார். லாரி நின்றுகொண்டிருந்தது. அக்கா இரண்டு வாளியோடு வாசல்படியில் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தாள், முழங்கால் மடங்காததால். அவர் ஓடிப்போய் வாளிகளை வாங்கிக்கொண்டார். உள்ளே ஏழு குழாயும் பளபளவென்று இருந்தன. வாரா வாரம் துடைத்திருக்கிறாள். அதைப் பார்த்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை அதற்கு இல்லை.

“அக்கா, தண்ணி வராது.”

“இன்னிக்கா?”

“என்னிக்குமே வராது. மேடு உசரம். நீ வீடு வாங்கறப்பவே எனக்குத் தெரியும்.”

அவள் வாளியை மூடிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு நழுவிடலாம்னு பாக்காத” என்றாள். “நாலு வருஷமா உன் பேர்ல தெரு முழுக்க நான் சொல்லியிருக்கேன். செருப்பைப் போடு.”

“அக்கா, தேர்தலுக்கு இன்னும் மூணு வாரம்தான்…”

“அதான் இன்னிக்கே போறோம்.”

நாற்பது வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனாள். கதவைத் தட்டியது அவள், பேச வேண்டியது அவர். முதல் வீடு. “அது… மேலிடத்துல… இன்னும் ஒரு…” என்று இழுத்தவரின் முழங்கையில் அக்கா ஓர் இடி இடித்தாள். “வராதுங்க” என்றார். பத்தாவது வீட்டில் குரல் நடுங்கவில்லை. இருபத்திரண்டாவது வீட்டில் ஒருவர் கதவை முகத்தில் சாத்தினார். முப்பதாவது வீட்டில் ஒரு பெண்மணி மோர் கொடுத்துவிட்டு, “ஓட்டு போட மாட்டேன், மோர் குடிச்சுட்டுப் போங்க” என்றாள்.

தேர்தலில் தோற்றார். மேட்டுத் தெருவால்தான் தோற்றார் என்று சொல்ல முடியாது. சாக்கடை மூடி வராத மீதிப் பாதிக்காரர்களும் இருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை கடையைத் திறந்து, முக்காலியைத் தூசி தட்டிப் போட்டார். மனைவி மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அக்கா ஒரு துணிப்பையோடு வந்து, அதைக் கல்லா மேசையில் கவிழ்த்தாள். ஆறு குழாய்கள். ஒரு கீறல் இல்லை. உள்ளே ஒரு சொட்டுக்கூடப் போனதில்லை.

“திருப்பி எடுத்துக்குவியா?”

விற்ற பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று அவர் தலைக்கு மேலேயே பலகை தொங்கியது. “எடுத்துக்கறேன்க்கா” என்றார். ஒருமுறை எண்ணினார். “ஏழு இருந்துச்சே?”

“ஒண்ணு வச்சுக்கிட்டேன். கொல்லையில மழைத் தொட்டி கட்டியிருக்கேன், அதுக்கு. போன வாரம் பேஞ்ச மழையிலேயே நிரம்பிடுச்சு.” முக்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் காலை நீட்டிக்கொண்டாள். “நீ அன்னிக்கே வராதுன்னு சொல்லியிருந்தா அப்பவே கட்டியிருப்பேன்டா. நாலு வருஷ மழை சும்மா போச்சு.”