ஏழாவது ஆளின் சொந்த ஊர்

இலங்கை மலைநாட்டில், வெள்ளைக்கல் தோட்டத்துத் துரை பங்களாவில் மண்ணெண்ணெயில் ஓடும் பிரிஜ் ஒன்று இருந்தது. ஒருநாள் அது குளிர்வதை நிறுத்திக்கொண்டது. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் வேலையில் இருந்த அழகையாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். "நாளைக்கு இந்நேரம் வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். துரைக்கு என்ன பதில் சொல்வது என்று பங்களாச் சமையற்காரருக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. மறுநாள் நிமிர்த்தித் திரியைக் கொளுத்தியதும் பெட்டி பழையபடி குளிர்ந்தது. குழாய்க்குள் அடைத்திருந்தது இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான் என்று அழகையா சொன்னதை யாரும் கேட்கவில்லை. பிரிஜ்ஜுக்குச் சிரசாசனம் போட்டவர் என்ற பெயர் பசறை வரைக்கும் போயிற்று.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஹாஷிம் அவரைத் தேடி வந்தார். பதுளைக் கடைவீதியில் ரேடியோவும் பிரிஜ்ஜும் பழுதுபார்க்கும் கடை அவருடையது. முஸ்லிம்களை அண்ணன் முறையில் அழைப்பதுபோல அழகையா அவரை 'நானா' என்றே கூப்பிட்டார். அழகையா தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு தினமும் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போகத் தொடங்கினார். மனைவி வேலாயி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். மேல் டிவிசனில் தொழிலாளர்களுக்குக் கொடுத்த லயத்து வீடு அவள் பேரில் இருந்தது. கடையில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. அழகையாவுக்கு அதன் எழுத்து புரியாது, படம் புரியும். படங்களைப் பார்த்தே மின்சாரப் பிரிஜ்ஜின் வயிறு முழுவதையும் கற்றுக்கொண்டார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் வந்தது வினை. இறக்குமதிக் கட்டுப்பாட்டில், பிரிஜ்ஜுக்குள் அடைக்கும் கேஸ் கிடைக்காமல் போயிற்று. மோட்டாரைச் சரிசெய்யலாம், ஓட்டையை அடைக்கலாம், கேஸ் இல்லாமல் எது குளிரும்? கடைக்குள் பதினொரு பிரிஜ்கள் செத்துக் கிடந்தன. இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் அழகையா தொழிற்சாலைக்குத் திரும்பிப் போய் வேலை கேட்க வேண்டும். விட்டுவிட்டுப் போனவனை மறுபடி சேர்ப்பார்களா என்பதும் நிச்சயமில்லை.

கொழும்பில் குளிர்சாதனத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. வெளியூரில் ஏழு பேர் சேர்ந்தால் கிளை தொடங்கலாம். கிளைக்கு மாதம் ஒரு கேஸ் சிலிண்டர். ஹாஷிம் பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் அலைந்து, தன்னையும் அழகையாவையும் சேர்த்துச் சரியாக ஏழு பேரைத் திரட்டினார். எட்டாவதாக ஓர் ஆள் ஊவா மாகாணத்தில் இல்லை. முதல் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போட்டார்கள். கசிவைக் கண்டுபிடிக்காமல் யாரும் கேஸ் அடைக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் மருந்து வைக்கும் பிரிஜ் நின்றால், கிட்ட இருக்கிறவர் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

அழகையா வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார்.

"இன்னொரு சங்கமா?" என்றாள் வேலாயி. "இருக்கிற தோட்டச் சங்கத்துக்குக் கொடி பிடிச்சுதான் கை வலிக்குது."

"இதுல கொடி பிடிக்க வேணாம் புள்ள. கேஸ்தான் பிடிக்கணும்."

மூன்று வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. ஹாஷிம் அதை வாசித்துவிட்டு மடித்தார், மறுபடி விரித்தார். ஆறு பேர் சரி. ஏழாவது ஆள் இந்தியாவிலிருந்து வந்து தங்கியிருப்பவராகத் தெரிகிறது. இந்த நாட்டிலேயே வசித்துத் தொழில் செய்கிறவர் மட்டும்தான் உறுப்பினராகலாம். ஆகவே கிளைக்கு அனுமதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழு பேரும் மறுபடி கூடினார்கள். ஹாஷிம் பழைய விண்ணப்பத்தின் நகலை எடுத்து வைத்தார். அழகையாவின் சொந்த ஊர் என்ற இடத்தில் ஹாஷிமின் கையெழுத்திலேயே இருந்தது: துறையூர், திருச்சி ஜில்லா.

"அழகையா, நீங்க துறையூரிலேந்து எப்ப வந்தீங்க?"

"நான் எங்க வந்தேன் நானா? இங்கதானே பொறந்தேன்."

"அப்ப துறையூருக்கு எத்தன தரம் போயிருக்கீங்க?"

"ஒருக்காவும் போனதில்லீங்க."

வெலிமடைக்காரர் சிரித்துவிட்டார். "பின்ன ஏன் மனுசன் அப்பிடிச் சொன்ன?"

"சொந்த ஊருன்னு கேட்டாரு. சொன்னேன்."

அவருக்கு அதில் பிழை தெரியவில்லை. தோட்டத்தில் பெண் கேட்டு வந்தால் முதல் கேள்வி எந்த ஊர் என்பதுதான். அதற்கு யாரும் தோட்டத்தின் பெயரைச் சொல்வதில்லை. தோட்டம் வேலை செய்கிற இடம். ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பது. அவருடைய அப்பா மாடசாமி ஐந்து வயதில் கப்பலேறியவர். துறையூரில் ஒரு கிணற்றையும் ஒரு வெள்ளை மாட்டையும் தவிர அவருக்கு எதுவும் நினைவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் சாகும்போது மகனுக்கு விட்டுப்போனதும் அந்த ஊர்ப்பெயர் ஒன்றுதான்.

பண்டாரவளை ஸலீம் விண்ணப்ப நகலைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "எங்கட வாப்பாட வாப்பா காயல்பட்டணம். எனக்கிட்ட சொந்த ஊர் கேட்டதும் பண்டாரவளைண்டு சொன்னன். யாரும் ஒண்டும் கேக்கல்ல."

சிரிப்பு நின்றது. ஹாஷிம் புதிய விண்ணப்பத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"இப்ப என்ன எழுத?"

அழகையா பேனா முனையையே பார்த்தார். ஆறு பேர் பிழைப்பு தன் வாயில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் வேறொரு பெயரைச் சொன்னால் அப்பா சொன்னது பொய் என்று ஆகிவிடாதா? அப்பா சொன்னதையே மறுபடி சொன்னால் தான் பிறந்தது, வேலாயியைக் கட்டியது எல்லாம் எந்த ஊரில் நடந்தது? யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. ஹாஷிமின் மனைவி ஸைனப் கொடுத்தனுப்பிய தேத்தண்ணீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"வெள்ளைக்கல் தோட்டம்னு எழுதுங்க நானா" என்றார் கடைசியில். "பசறை."

எழுதியானதும் கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு இடத்தில் தாளைக் குத்தியது.

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் யாருக்கோ துரோகம் செய்துவிட்டதுபோல இருந்தது. வேலாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். துறையூரை எழுதாமல் விட்டதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அவள் கை நின்றது.

"வெள்ளைக்கல் தோட்டம்னு மட்டுமா எழுதுனீங்க?"

"ஆமா."

"மேல் டிவிசன்னு போடலயா?"

"அது எதுக்கு?"

"எதுக்கா? நல்லாருக்கே. நாளைக்குக் கீழ் டிவிசன்காரங்க நீங்க அவங்க ஆளுன்னு சொல்லிக்குவாங்க. அவங்க காமன் கூத்துக்கு நம்மகிட்ட வந்து தப்பு மேளத்தக் கடன் வாங்குறவங்க. நம்ம ஊரு பேர அவங்களுக்குத் தூக்கிக் கொடுத்துட்டு வந்து நிக்கிறீங்க."

நம்ம ஊரு என்று அவள் சொன்னதை அவளே கவனிக்கவில்லை. அரிசியைக் களைவதில் மறுபடி முனைந்துவிட்டாள். அழகையா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஹாஷிம் கடையைத் திறக்குமுன்பே அவர் வாசலில் நின்றார்.

"கடுதாசி போயிருச்சா நானா?"

"பத்து மணிக்குத்தான் தபால்ல போடணும். என்ன, மனசு மாறிட்டுதா?"

"இல்லீங்க. மேல் டிவிசன்னு சேக்கணும்."

ஹாஷிம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கோட்டுக்குள்ள எடமில்லையே அழகையா."

"நெருக்கி எழுதுங்க."

இருபது நாளில் ஏழு அட்டைகள் வந்தன, பின்னாலேயே ரயிலில் சிலிண்டரும். அழகையா தன் அட்டையைச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். எல்லாம் ஆங்கிலம். ஊர் எது என்று வேலாயி கேட்டாள். மேல் டிவிசனும் சேர்ந்திருப்பதாக ஹாஷிம் காட்டிக்கொடுத்த வரியில் அவர் விரல் வைத்துக் காட்டினார். அவள் அட்டையை வாங்கிக் கண்ணுக்கருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டுப் பொடிசாவா எழுதுவாங்க?" என்றாள்.