மெட்டில்டா டீச்சரின் பத்தாவது வரி

மெட்டில்டா டீச்சர் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. அவர் வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. தாம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் வரலாறும் புவியியலும் நடத்தியவர். சனிக்கிழமை விடிந்தால் போதும், கஞ்சி போட்ட காட்டன் புடவையும் வெயிலுக்கு ஒரு தொப்பியுமாக முடிச்சூரிலிருந்து பஸ் பிடித்து முட்டுக்காட்டுக்குப் போய்விடுவார். அங்கே சுற்றுலாப் படகு விடும் உமேஷ் அவருடைய பழைய மாணவன். படகு காயலில் ஒரு சுற்று வருவதற்குள் டீச்சர் மைக்கில் அடையாற்றின் கதையைச் சொல்லி முடிப்பார். அடையாற்றில்தான் படகு ஓடவில்லை, அதன் கதையாவது படகில் ஓடட்டுமே என்பது அவர் நியாயம். நடுநடுவே கேள்வியும் கேட்பார். கை தூக்காமல் பதில் சொல்பவரைக் கண்டுகொள்ளவே மாட்டார். அந்த இருபது நிமிஷத்தை நினைத்தே மற்ற நாளெல்லாம் அவருக்கு இனித்தது.

உமேஷ் இரண்டாவது படகு வாங்கியதும் வினை வந்தது. ஒரே டீச்சர் இரண்டு படகில் எப்படிப் பேசுவார்? "உங்க பேச்சை ரெக்கார்டு பண்ணி ஸ்பீக்கர்ல போட்டுடறேன் டீச்சர். நீங்க அலையவே வேணாம், வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றான். பிள்ளை நல்ல மனசோடுதான் சொன்னான். டீச்சரும் சிரித்துக்கொண்டே பேசிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் தன் சனிக்கிழமை போய்விட்டதே என்று அழுகையாக வந்தது.

ஸ்பீக்கர் பேசும் முதல் நாள், டீச்சர் பயணியாகப் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் கிளியம்மாள் என்று ஒரு பெண். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஆதனூரிலிருந்து மகளிர் குழுவோடு வந்திருந்தாள். படகு நகர்ந்தது. "அடையாறு செம்பரம்பாக்கம் ஏரியில் பிறக்கிறது" என்றது ஸ்பீக்கர், டீச்சரின் குரலில், கணீரென்று.

"இன்னாது?" கிளியம்மாள் எழுந்தே விட்டாள். "எங்க ஆதனூர் ஏரி ரொம்பி வழிஞ்சா அதாம்மா அடையாறு! செம்பரம்பாக்கத்துத் தண்ணி கீழ திருநீர்மலையாண்ட வந்துல்ல சேருது? அங்க பொறந்துச்சுன்னா முடிச்சூராண்ட ஓடிக்கினு கீதே, அது இன்னா? பதில் சொல்லு!"

ஸ்பீக்கர் பதில் சொல்லவில்லை. அது பாட்டுக்குச் சைதாப்பேட்டைப் பாலத்துக்குப் போய்விட்டது.

டீச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. முடிச்சூர் ஆறு! 2015 மழையில் அவர் வீட்டுக்குள்ளேயே இடுப்பளவு புகுந்து பீரோவையும் பைபிளையும் நனைத்துவிட்டுப் போன ஆறு. அந்த வருஷம் டிவியில் செம்பரம்பாக்கம், செம்பரம்பாக்கம் என்று கேட்டுக் கேட்டு வாயும் அதையே பிடித்துக்கொண்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

பேசாமல் இருந்திருக்கலாம், பெட்டியின் தப்பென்று போயிருக்கும். அந்தக் குணம் டீச்சருக்குக் கிடையாது. கையைத் தூக்கினார்.

"உமேஷ், அதை நிறுத்து."

மைக்கை வாங்கினார். "இந்தம்மா சொல்றதுதான் சரி. ஸ்பீக்கர்ல பேசினது நான்தான், தப்பும் என்னோடதுதான். என் கிளாஸ்ல தப்பா எழுதினா பத்து தடவை இம்போசிஷன். நானும் எழுதிட்டு வரேன்."

கூட்டம் கைதட்டியது. அதன் பிறகு கிளியம்மாள் ஆதனூர் ஏரியிலிருந்து ஆற்றைக் கிளப்பிவிட, டீச்சர் அதைக் கடல்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்றைக்குக் காயலில் இரண்டு சுற்று.

"திருத்தி வேற ரெக்கார்டு போட்டுடலாம் டீச்சர்" என்றான் உமேஷ், எல்லாரும் இறங்கும்போது.

"போட்டு?" என்றாள் கிளியம்மாள். "நான் கேட்டப்போ வாயத் தொறந்துச்சா அது?"

உமேஷ் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிச் சுருட்டினான்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் ஒரு நோட்டோடு வந்தார், ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு உட்கார்ந்து எழுதியது. ஸ்பீக்கர் இருந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. டீச்சர் இரண்டிலும் பேச வசதியாக, இரண்டு படகும் இனி மாறி மாறித்தான் கிளம்பும் என்று டிக்கெட் கவுன்டரில் எழுதியும் ஒட்டியிருந்தான் உமேஷ். டீச்சர் சிரித்துக்கொண்டே நோட்டை நீட்டினார். அவன் நோட்டை வாங்கி, ஒருகாலத்தில் அவர் செய்தது போலவே, வரிவரியாக விரல் வைத்து எண்ணினான்.

"ஒம்போதுதான் இருக்கு டீச்சர்."

"சரியா எண்ணுடா."

எண்ணினான். ஒன்பதுதான்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, 'அடையாறு ஆதனூரில் பிறக்கிறது' என்று பத்தாவது முறையும் எழுதினார். எழுதி முடிக்கும்வரை உமேஷ் படகைக் கிளப்பவில்லை.