நடு அறையில் வௌவால் மணம்

போன மாதம் மருதனார்மடத்தில் ஓர் அறை வாடகைக்குப் பார்த்தேன். அட்வான்ஸ் காசைக் கையில் வைத்துக்கொண்டே, சுவரில் எத்தனை ஆணி, யன்னல் கண்ணாடியில் எத்தனை கீறல் என்று கொப்பித் தாளில் எழுதத் தொடங்கினேன். வீட்டுக்காரத் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, போனிலை ஒரு படம் எடுத்தாப் போதாதே?" என்றான். போதும்தான். ஆனால் படத்தில் மணம் விழாது. அதை அவனுக்குச் சொல்ல நேரமிருக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு வவுனியாவில் சுவரோடு இறக்கிய ஒரு பத்தி, நீர்கொழும்பில் ஓர் அறை, துபாயில் வெறும் கட்டில் என்று பதினாறு இடங்களில் வாடகைக்கு இருந்தாயிற்று. அவற்றில் பாதியின் வாசல் எந்தத் திசையில் இருந்தது என்றுகூட ஞாபகமில்லை. மானிப்பாயில் நாங்கள் இருந்த முதல் வாடகை வீட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நடந்து காட்டுவேன். எனக்கு அப்போது பத்து வயது.

எங்கள் ஊர் தொண்டைமானாற்றுப் பக்கக் கடற்கரை. கரையை ஆமி முள்ளுக்கம்பி அடித்து மூடியிருந்த காலம் அது. அப்பா மேசனுக்குக் கல் தூக்கினார். அம்மா விடியவே நாவாந்துறைக்குப் போய் மீன் எடுத்து, மானிப்பாயில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். பெரியம்மாவின் கொட்டிலில் இரண்டு குடும்பம். அக்கா பெரியபிள்ளையானதும், உள்ளுக்குத் தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு கதவு வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். சும்மா கிடந்த வள்ளத்து எஞ்சினை அப்பா விற்றார். விற்ற அன்று அவர் சாப்பிடவில்லை. எங்களிடம் இருந்த சொத்து அந்த எஞ்சின்தான். இப்போது அது ஒரு கடித உறைக்குள் இருந்தது.

வீட்டைக் கண்டுபிடித்ததும் அப்பாதான். இளைப்பாறிய பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவரின் வளவுக்குப் பக்கத்தில், இரண்டு அறையும் குசினியும் கிணறுமாக ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. ஆறு மாத வாடகையை அட்வான்ஸாகத் தந்தால் போதும், வீட்டை விடும்போது அப்படியே திருப்பித் தருவேன் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

"எழுத்து ஏதும் தருவாரோ?" என்று அம்மா கேட்டார்.

"விசர்க் கதை கதையாதை. தேவாரம் படிச்சுக்கொண்டிருந்த மனிசனிட்டை எழுத்துக் கேக்கிறதே?"

"தேவாரத்தைப் படிக்கட்டும். வீடு ஆரின்ரை பேரிலை?"

அப்பாவுக்கு அது தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மாஸ்டர் வீட்டுப் பின்வாசல் படலையால் கிழமைக்கு நாலு நாள் மீன் கொடுப்பவர் அவர். "அந்த மனிசன் கலியாணம் முடிச்சு மானிப்பாய்க்கு வந்தவர். வெறுங்கையோடை வந்த மாப்பிளைக்கு இஞ்சை ஏது வளவு? அது மனிசியின்ரை சீதனம். காசை மனிசியின்ரை கையிலைதான் குடுப்பன்" என்றார்.

அப்பா வெட்கப்பட்டுப் படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. புதுக் கொப்பியும் பேனையுமாக நான் போனேன்.

விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்த மாஸ்டர் காசுக்குக் கையை நீட்டினார். அம்மா உறையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை.

"மாஸ்டர், வீட்டிலை அம்மா நிக்கிறாவோ?"

"அவ என்னத்துக்கு? தா இஞ்சை."

"அவவின்ரை கையாலை கதவுத் திறப்பை வாங்கினா எனக்கு ராசி, மாஸ்டர்."

மாஸ்டர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். உள்ளே இருந்து அவரின் மனிசி வந்தார்; எங்களுக்கு அவர் மாமி. மெலிந்த, சத்தம் குறைந்த மனிசி. ஆறு மாதக் காசு என்று அம்மா நீட்டிய உறையை வாங்கியவர், "ஆறு மாசமோ? எனக்கு மூண்டு எண்டெல்லோ சொன்னவர்" என்று சொல்லிவிட்டு, சொல்லியதற்காகப் பயந்ததுபோல நின்றார். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். அம்மா, எதுவும் காதில் விழாதவர்போல, வீட்டு உறுதிப் பத்திரத்தை ஒருக்கால் பார்க்கலாமோ என்று கேட்டார்.

"அது என்ரை பெட்டியிலை பத்திரமாயிருக்கு" என்றார் மாஸ்டர். மாமி நிலத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அம்மா வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நான் பின்னால் நடந்து எழுதினேன். முதல் வரி அம்மா சொன்னபடி: இந்த வீடு மாமியின் சீதன வீடு. மாமியின் முழுப்பெயரையும் கேட்டு எழுதினேன். பிறகு குறைகள். அம்மா சொன்னது பத்துப் பன்னிரண்டுதான். ஐந்தாம் வகுப்பில் கட்டுரைக்குப் பரிசு வாங்கிய திமிரில் மிச்சத்தை நானே சேர்த்தேன். கிணற்று வாளியில் ஓட்டை. கப்பி ஒருபக்கம் உடைந்தது. குசினிச் சுவர் முழுக்கக் கரி. கொய்யாமரத்தில் முசுறு எறும்பு. நடு அறையில் வௌவால் மணம். இருபத்திநாலு வரி வந்தது.

மாஸ்டர் கொப்பியை வாங்கினார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் சரி போட்டுக்கொண்டே வந்தார். முப்பத்தைந்து வருடப் பழக்கம். தாளின் அடியில் 'நன்று' என்று எழுதி, கையெழுத்தும் திகதியும் வைத்து என்னிடம் நீட்டினார். அதன்கீழே மாமி, காசு கிடைத்தது என்று எழுதி ஒப்பமிட்டார்.

அந்த வீட்டில் இரண்டு வருடம் இருந்தோம். வௌவால்களைக் கலைத்து வெள்ளையடித்தோம். தாழ்ப்பாளை முதல் நாள் அக்கா இருபது தரம் போட்டுத் திறந்தாள். மத்தியானத்தில் கூரை ஓட்டுக் கண்ணாடியால் விழும் வெயில் நடு அறையில் ஒரு சதுரமாக நகரும். அதற்குள் பாயைப் போட்டு, சதுரம் நகர நகர நானும் பாயை இழுத்துக்கொண்டு படிப்பேன். அதற்குப் பின் அவ்வளவு ஒழுங்காக நான் எங்கேயும் படிக்கவில்லை.

இரண்டாம் வருட முடிவில் கனடாவிலிருந்து வந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு மாஸ்டர் வீட்டைச் சுற்றிக் காட்டினார். இரண்டு தரம் வந்தார்கள். இரண்டு தரமும் மாமி கோயிலுக்குப் போயிருந்த நேரம். பிறகு மீன் வாங்கும்போது மாமி, "வந்தவை என்ன கதைச்சவை, பிள்ளை?" என்று அம்மாவிடம் மெல்லக் கேட்டார். அடுத்த கிழமை, ஒரு மாதத்துக்குள் வீட்டை விடும்படி மாஸ்டர் சொன்னார்.

எங்களுக்கும் அது நல்ல நேரமாகத்தான் பட்டது. கரையில் கொஞ்சத் தூரம் திறந்துவிட்டிருந்தார்கள். அப்பா பொலிகண்டியில் ஒரு பழைய எஞ்சினுக்கு விலை பேசி வைத்திருந்தார். அட்வான்ஸ் திரும்பி வந்தால் எஞ்சின். வராவிட்டால் திரும்பவும் கல்.

சாமான்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய காலையில் மாமியோடு மாஸ்டர் வந்தார். வாளி, கப்பி, குசினிக் கரி என்று அவரும் ஒரு தாளில் எழுதியிருந்தார். "எல்லாத்துக்கும் மேலை மீன் மணம். ஆர் இனி இந்த வீட்டுக்குள்ளை கால் வைப்பினம்? முழுக்க வெள்ளையடிக்க வேணும். கழிச்சுப் பார்த்தா மிச்சம் ஒண்டுமில்லை" என்றார். அப்பாவின் முகம், எஞ்சின் விற்ற நாளில் இருந்ததுபோல ஆகிவிட்டது.

"கிழமைக்கு நாலு நாள் உங்கடை குசினிக்கு வாற மீன் மணக்கேல்லையோ மாஸ்டர்? எங்கடை குசினிக்கு வாறது மட்டும்தான் மணக்குதோ?" என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, "வாசி" என்றார்.

வாசித்தேன். வாளியில் ஓட்டை, சரி. கப்பி உடைவு, சரி. கரி, சரி. வரிக்கு வரி சிவப்புச் சரியையும் சேர்த்தே வாசித்தேன். இருபத்திரண்டாவது வரிக்கு வந்ததும் எனக்கே குரல் உயர்ந்துவிட்டது. "நடு அறையில் வௌவால் மணம். சரி."

சத்தமாகச் சிரித்தது மாமி. அவர் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் கேட்டதில்லை. "வௌவால் மணத்தைப் போக்கினதுக்கு நாங்களெல்லோ இவைக்குக் குடுக்க வேணும்" என்றபடி தன் வீட்டுக்குள் போய், அலுமாரியைத் திறந்து, அதே உறையைக் கொண்டுவந்தார். பிரிக்காமலே வைத்திருந்தார். மாஸ்டர் செருப்பைக்கூடப் போடாமல் வளவுக்குள் நடந்துவிட்டார்.

நாங்கள் ஏறியதும் மாமி படலைக்கு வந்தார்.

"பிள்ளை, உந்தத் தாளை எனக்குத் தாறியே?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மாமியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கொப்பியை வாங்கி, தாளைப் பிசகாமல் கிழித்து, அவர் கையில் வைத்து, கையையும் மூடிவிட்டார். மாமி அதை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.

"அங்கை என்ன கதை?" என்று மாஸ்டரின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"ஒண்டுமில்லை. பிள்ளையின்ரை எழுத்து வடிவாயிருக்கு. அதுதான் வாங்கினனான்."

உறுதி யாருடைய பெட்டியில் இருந்தது, கனடாக்காரர் ஏன் மாமி இல்லாத நேரம் பார்த்து வந்தார், கீழே கையெழுத்து வைத்த அந்தத் தாளில் மாஸ்டர் முதலாவது சரியை எந்த வரிக்குப் போட்டிருந்தார் என்பதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்கு இன்னும் ஏழெட்டு வீடுகள் தேவைப்பட்டன. அன்றைக்கு, பாய்க்கட்டின் மேல் இருந்துகொண்டு, பொலிகண்டி வரைக்கும் என் எழுத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு நாளும் பக்கத்திலேயே இருந்தும் மாமி ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது.