அம்மாவின் மூச்சுக்கு ஒரு பேனல்

இந்த ஊரில் கரன்ட் கம்பியை அறுத்துக்கொள்வதற்கு விருந்து வைக்கிறார்கள். நம்புங்கள். ஆஸ்திரேலியாவில், மெல்போர்னிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டு பிரையன் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். கூரை முழுக்க சோலார் பேனல், கொட்டகை நிறைய பேட்டரி என்று ஏற்றிவிட்டு, கம்பத்திலிருந்து வரும் இணைப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார். ஆள் வந்து கம்பியை இறக்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஆட்டுக்கறி சுட்டார்கள், பீர் ஓடியது. இதற்கு இங்கே 'ஆஃப் கிரிட்' என்று பெயர். "இன்றிலிருந்து நான் சுதந்திர மனிதன்" என்றார் பிரையன். "என் அம்மாவும் ஆஃப் கிரிட்தான்" என்றேன். அவர் கண் விரிந்துவிட்டது. "அப்படியா! எவ்வளவு துணிச்சலான பெண்மணி! இந்தியாவுக்கும் இந்த இயக்கம் வந்துவிட்டதா?" என்று கேட்டார். "எங்களுக்கு அது ரொம்ப காலமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கறியைக் கடித்தேன்.

அம்மாவின் துணிச்சலைச் சொல்கிறேன், கேளுங்கள். கிணத்துக்கடவிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையில் அவள் வீடு இருக்கிறது. காலனியில் ஒரே சுவருக்கு இரண்டு குடும்பமாகக் கிடந்த காலம் போதும் என்று, நான் அனுப்பிய காசில் அம்மாவும் அப்பாவும் வாங்கிய துண்டு நிலம் அது. வடக்கே வண்டிப்பாதை, மற்ற மூன்று பக்கமும் பண்ணாடியின் தென்னந்தோப்பு. பண்ணாடி என்பது எங்கள் சனம் தோட்டத்துக்காரரைக் கூப்பிடும் சொல். அப்பா அவர் தோப்பில் மட்டை பொறுக்கினார். அம்மா அவருடைய நார் மில்லில் இருபது வருஷத்துக்கு மேல் தூசி தின்றாள். பண்ணாடி காட்டில் காற்றாலை நிற்கிறது. அது சுற்றிச் சுற்றி எடுக்கும் கரன்ட், எங்கள் கூரைக்கு மேலேயே பெரிய கம்பியில் எங்கோ போகிறது. எங்கள் வீட்டுக்குள் வர மட்டும் அதற்கு வழியில்லை. ஏனென்றால் வீட்டுக்கு இணைப்பு இழுக்க, அவருடைய தோப்பின் மூலையில் ஒரே ஒரு கம்பம் நடவேண்டும். அதற்கு அவர் சம்மதம் வேண்டும்.

விடுமுறையில் போயிருந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு கேட்கப் போனேன். "வாங்க அம்மணி, எப்ப வந்தீங்க? அந்தூருல சவுரியமா இருக்கறீங்ளா?" என்றார் பண்ணாடி. பிறந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து எனக்கு 'ங்க' விழுந்தது அன்றைக்குத்தான். கொங்கு நாட்டு மரியாதையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேசுவார்கள். அது யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போகிறது என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அம்மாவுக்கு வரவில்லை, அவள் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். நானும் உட்காரவில்லை. கம்பத்தைப் பற்றிச் சொன்னேன். உச்சுக்கொட்டினார். "அதுக்கென்னங்க அம்மணி, குடுக்கலாமுங்க. ஆனா குழி தோண்டுனா தென்னை வேரு அறுந்து போயிருமுங்களே. தென்னை நமக்குப் பெத்த புள்ளை மாதிரிங்க. மனசு வரமாட்டேங்குதுங்க. நீங்க படிச்சவங்க, உங்களுக்குச் சொல்லோணுங்ளா?" என்றார். அதே மூச்சில் அம்மா பக்கம் கழுத்தைத் திருப்பி, "ஏ மாரா, வந்தது வந்துட்டே, அந்த வாசலச் சித்த கூட்டிப்போட்டுப் போ" என்றார். அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டே பண்ணாடி வாசலைக் கூட்டி முடித்தாள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

அந்த மூச்சுக்குத்தான் எல்லாம். நார்த்தூசி அவள் நுரையீரலை அரித்துவிட்டது என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். பகலில் உட்கார்ந்தபடி சமாளித்துக்கொள்ளலாம், ராத்திரி படுத்தால் ஆக்ஸிஜன் மெஷின் இல்லாமல் தூங்கக்கூடாது என்றார். கையில் தூக்கும் அளவுக்குச் சின்ன மெஷின்தான். அதற்கும் விடியும்வரை கரன்ட் வேண்டும். "காலனிக்கே திரும்பப் போயிடலாம்மா" என்று கேட்டுப் பார்த்தேன். "பழைய ஊட்டச் சித்தப்பன் பசங்க இடிச்சுப்போட்டாங்க கண்ணு. இனி எங்க போறது? செத்தாலும் என்ற ஊட்டுல சாகறேன்" என்றாள். சரி, சோலார் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கம்பிக்குத்தானே பண்ணாடி மனசு வைக்கவேண்டும்? வெயிலுக்கு யார் மனசும் வேண்டியதில்லை என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் விவரம்.

கோயமுத்தூரிலிருந்து ஆட்கள் வந்து கூரையில் நல்ல பேனலாகப் போட்டுக் கொடுத்தார்கள். மெஷின் எவ்வளவு இழுக்கும், மழை நாளுக்குப் பேட்டரி எவ்வளவு மிச்சம் வேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் வாங்கினேன். சித்திரையிலிருந்து புரட்டாசி வரைக்கும் அம்மா சுகமாகத் தூங்கினாள். போனில் அவள் குரல்கூடத் தெளிந்துவிட்டது. ஐப்பசியில் பண்ணாடி எங்கள் வேலியை ஒட்டி உயர உயரமாக மூங்கில் நட்டு, பச்சை வலை கட்டினார். மேலேயும் வலை, எங்கள் பக்கம் பக்கவாட்டிலும் வலை. தென்னங்கன்று நாற்றங்கால் என்றார். கிழக்கிலும் மேற்கிலும் ஏற்கெனவே நெடுநெடுவென்று தென்னை. தோப்பில் தெற்கு ஓரம் ஒன்றுதான் மரமில்லாமல் திறந்திருந்தது. மழைக்காலத்தில் சூரியன் அந்தப் பக்கம்தான் சாயும். பேனலின் கீழ்வரிசை நிழலுக்குள் போயிற்று. பேனலைப் பற்றித் தெரியாதவர்கள், கீழ்வரிசைதானே, மேலே வெயில் படுகிறதே என்பார்கள். அப்படிக் கிடையாது. தண்ணீர்க் குழாயை ஒரு இடத்தில் மிதித்தால் முழுக் குழாயும் நின்றுவிடும் அல்லவா, அதுபோல்தான் இதுவும். பேட்டரி பாதிகூட ஏறவில்லை. மெஷின் நடுவிலேயே கத்திவிட்டு அணையும். அதற்குமேல் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைப்பாள்.

இங்கிருந்து பண்ணாடிக்குப் போன் செய்தேன். வலையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லிக் கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். "ஏனுங்க அம்மணி, எம்பட காட்டுல நாத்து உடறதுக்கு ஆஸ்திரேலியாவுல கேக்கோணுங்ளா?" என்று சிரித்தார். "எளங்கன்னுங்க. வெயிலு ஆகாதுங்க. வாடிப்போனா பாவமில்லீங்ளா? நெழலு எங்க உளுகோணும்னு நானுங்ளா சொல்றேன்? அதச் சூரியனத்தான் கேக்கோணுங்க." அந்தப் பேச்சில் ஒரு கெட்ட வார்த்தை உண்டா? கிடையாது. குரலை உயர்த்தினாரா? இல்லை. நிழல் போட்டான் என்று எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது? போனை வைத்த பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையையும் சொல்லித் தீர்த்தேன். தமிழில்தான். கோபத்துக்கு இன்னும் எனக்கு வேறு பாஷை வரவில்லை.

அதே மாதம்தான் பிரையன் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் வீட்டில் செய்த ஜாம். தலையைச் சொறிந்துகொண்டு, "உன் மரத்தின் ஒரு கிளை காலையில் என் பேனல் மேல் நிழல் போடுகிறது. முடிந்தபோது பார், அவசரமே இல்லை" என்றார். மறுநாளே ஆளைக் கூப்பிட்டு அந்த வாட்டில் மரத்தை அடியோடு வெட்டிச் சாய்த்தேன். மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும் மரம். பிரையன் ஓடி வந்து வேலிக்கு அந்தப்பக்கம் நின்றார். "ஐயோ, ஒரு கிளையைத்தானே கேட்டேன்! எதற்கு மரத்தையே?" என்றார். "நீங்கள் கேட்டீர்களே" என்றேன். நான் கோபத்தில் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு, மனைவியிடம் இன்னொரு ஜாம் கொடுத்தனுப்பினார். எப்படி விளக்குவது? எங்கள் ஊரில் வேலிக்காரர் கிளையைக் கேட்டால் எங்கள் சனம் மரத்தைக் கொடுத்துவிடும். அடுத்து வீட்டைக் கேட்காமல் இருக்கட்டும் என்றுதான். கடல் தாண்டி வந்து இத்தனை வருஷமாகியும் அந்தப் பயம் என்னோடேயே குடியிருக்கிறது, வாடகைகூடக் கொடுப்பதில்லை.

வெயில் பேனலிடம் வராவிட்டால் பேனல்தான் வெயிலிடம் போகவேண்டும். இதைக் கற்றுக்கொண்டது இங்கே கேரவன் சாமான் விற்கும் கடையில். வண்டியை வீடாக்கி ஊர் சுற்றுகிறவர்களுக்கு, பெட்டிபோல் மடித்துக் கைப்பிடியில் தூக்கும் பேனல் விற்கிறார்கள். வளைகிற ரகம் லேசாக இருக்கும், ஆனால் எங்கள் ஊர்ச் சூட்டுக்குத் தாங்காது. கண்ணாடி ரகம் அப்பாவால் தூக்க முடியாது. நடுவில் துணியில் தைத்த மடிப்பு ரகத்தைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரப் பையன் உற்சாகமாக, "எங்கே கேம்பிங் போகிறீர்கள்?" என்றான். "அம்மா வீட்டுக்கு" என்றேன். "ஓ, ஏரிக்கரையா, மலையா?" என்றான். "தோப்பு" என்றேன். "கொடுத்துவைத்தவர்கள்" என்று சொல்லி பில் போட்டான். அதோடு தூக்கிப்போகும் பெரிய பேட்டரியை விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்பதால் அதைக் கோயமுத்தூரிலேயே வாங்கிக்கொண்டேன். மார்கழியில் ஊர் போய்ச் சேர்ந்தேன்.

பேனல் வந்துவிட்டது. விரிக்க இடம் எங்கே? வாசலெல்லாம் நிழல். வண்டிப்பாதையில் விரித்தோம். பண்ணாடியின் டிராக்டர், பாதை முழுக்கக் காலியாகக் கிடக்க, பேனலை உரசிக்கொண்டு போயிற்று. கோயில் திடலில் விரிக்கலாமா என்று கேட்டோம். நோம்பி, திருவிழா சமயத்திலேயே நாங்கள் வெளியே நிற்கிறவர்கள். "சாமி குத்தமாயிருமுங்க" என்று கோயில்காரர்கள் மெதுவாகச் சொன்னார்கள். அப்பாதான், பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "நம்ம சுடுகாடு கெடக்குதே அம்மணி. அத்தனை வெயிலையும் அங்க எவன் கேக்கறான்?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அவர் சொன்னது சரி. பள்ளத்துக்கு அந்தப்பக்கம் எங்கள் சனத்துச் சுடுகாடு. மரமில்லை, வேலியில்லை, பண்ணாடியின் மாடுகூட அங்கே மேயாது. பேனலை விரித்ததும் பேட்டரி மளமளவென்று ஏறியது. ஒரே ஒரு தொல்லை, அதைப் போட்டுவிட்டு வரமுடியாது. எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான். அப்பா கூலிக்குப் போகவேண்டும். ஆகவே காலையில் டிவிஎஸ் ஃபிப்டியில் அம்மாவையும் பேட்டரியையும் பேனலையும் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் போவார். அம்மா ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, புதைத்த மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் பொழுதுக்கும் உட்கார்ந்திருப்பாள். வெயில் நகர நகர எழுந்து பேனலைத் திருப்பி வைப்பாள். சாயங்காலம் அப்பா வந்து ஏற்றிக்கொண்டு போவார். ராத்திரி மூச்சு விடுவதற்காக என் அம்மா பகலெல்லாம் சுடுகாட்டில் காத்துக்கிடக்கிறாள். ஊருக்கு ஒளி, உலகுக்கு ஒளி என்று சோலார் விளம்பரம் போடுகிறவர்கள் ஒரு நாள் வந்து இதைப் படம் பிடிக்கட்டும்.

நான் கிளம்புவதற்கு முன்பு ஒரு நாள் பண்ணாடியின் கார் பள்ளத்தின் எதிர்க்கரையில் நின்றது. நானும் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்த்து, "நல்லா இருக்கறீங்ளா அம்மணி?" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஏ மாரா, இப்பவே வந்து எடம் புடிச்சுப்போட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். டிரைவரும் சிரித்தான். என் கை ஒரு கல்லைத் தேடியது, சத்தியமாகத் தேடியது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாங்க பண்ணாடி" என்றாள். அவள் வாழ்நாளில் அவருக்குச் சொன்னதெல்லாம் அந்த 'ஆமாங்க' ஒன்றுதான். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு, "இங்கயாச்சும் உங்க நெழலு வராதுங்கல்லொ" என்றாள். கார்க் கண்ணாடி ஏறிவிட்டது. அன்று ராத்திரி அப்பா பயந்து சோறு தின்னவில்லை. அம்மா தின்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கிருந்துதான் வீடியோவில் பேசுகிறாள். சிக்னலும் அங்கேதான் நன்றாக வருகிறது. எனக்கு இங்கே இருட்டத் தொடங்கும் நேரம், அவளுக்கு இன்னும் நல்ல வெயில். போன வாரம் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "இது உன்ற பெரியப்பன். அக்கட்டால பாரு, எருக்கஞ்செடிக்குப் பக்கத்துல எனக்குன்னு உங்கப்பன்கிட்டச் சொல்லிப்போட்டேன். அதையொட்டி உனக்கும் ஒரு எடம் உட்டு வெச்சிருக்கறோம். எங்க செத்தாலும் இங்க வந்துரு கண்ணு" என்றாள். "சரிம்மா" என்றேன். "வெயிலு எறங்கறதுக்குள்ள பேனலைத் திருப்பிப்போட்டு வாரேன், வெச்சரட்டா?" என்று வைத்துவிட்டாள்.

இந்த ஊரில் எனக்கு வீடு இருக்கிறது, பத்திரம் இருக்கிறது. கிளையைக் கேட்டால் ஜாம் கொண்டுவரும் அக்கம்பக்கம் இருக்கிறது. வந்துவிடு என்று சொல்லத்தான் யாரும் இல்லை. சொல்கிற ஊரில் எனக்கென்று ஒதுக்கியிருப்பது ஆறடி. நல்ல வெயில் விழும் இடம்.