புதன்கிழமை மட்டும் கெட்டுப்போகும் ஃபிரிட்ஜ்கள்

யார் வீட்டு ஃபிரிட்ஜ் முனகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் அவர் 'கூலிங்'. ஃபிரிட்ஜின் விலாவில் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். டாக்டர்கூட அவ்வளவு பொறுமையாக நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கமாட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம், முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டிலும் நடக்கும். ஓய்வுபெற்ற டீச்சரம்மா, நர்ஸ் அக்கா, டெய்லர், கூலிங், அவர் மனைவி. அவ்வளவுதான் கூட்டம். மனைவி நோயில் கிடந்தபோது எல்லோரையும்விட உரக்க ஜெபித்தவர் அவர்தான். அடக்கம் முடிந்து ஒரு புதன்கிழமை போய் உட்கார்ந்தார். தன் முறை வந்ததும் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அன்றோடு போவதை நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடம் "வேலை தலைக்கு மேல கிடக்கு" என்றார். உண்மையில், டூல் பாக்ஸை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போய் நிற்பவனின் கூச்சம் அது. அவர்கள் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார்கள். மனுஷன் அசையவில்லை.

பிறகுதான் ஃபிரிட்ஜ்கள் கெட ஆரம்பித்தன.

முதலில் நர்ஸ் அக்கா வீடு. உள்ளே குளிர் இல்லை. பார்த்தால், குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகு பூஜ்யத்தில் நிற்கிறது. திருப்பிவிட்டார். கூடத்தில் பைபிளோடு டீச்சரம்மாவும் டெய்லரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், "இன்னொரு வேலை இருக்குக்கா" என்று செருப்பைக் காலில் பாதி மாட்டியபடியே ஓடினார்.

அடுத்த புதன்கிழமை டெய்லர் வீடு. ஃபிரிட்ஜின் ஒயர் நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தது. அளவெடுத்து வெட்டியதுபோல அப்படி ஒரு நேர்த்தி.

"எப்படிடா அறுந்துச்சு?"

"அதைப் பத்தி நான் பேச விரும்பலண்ணே" என்றார் டெய்லர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

கூலிங் ஒயரை இணைத்து டேப் சுற்றிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவினார்.

மூன்றாவது வாரம் டீச்சரம்மா வீட்டிலிருந்து போன் வந்ததும் அவருக்குப் பொறி தட்டியது. இருந்தாலும் போனார். கெட்டுப்போன ஃபிரிட்ஜ் கூப்பிட்டால் போகாமல் இருக்க அவருக்குத் தெரியாது.

சமையலறையில் ஃப்ரீசரைத் திறந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்சுவரில் ஒரு ஓட்டை. பக்கத்திலேயே காய்கறிக் கத்தி. சமையலறை வாசலில் டீச்சரம்மாவோடு நர்ஸ் அக்காவும் டெய்லரும் நின்றிருந்தார்கள்.

"டீச்சரம்மா, இது ரிப்பேர் இல்ல, கொலை! உள்ள ஓடுற குழாயையே குத்திட்டீங்க. கேஸ் மொத்தமும் போயிடுச்சு!"

"அவ்வளவு ஆழமா போகும்னு நினைக்கல தம்பி. இவங்க ரெண்டு பேரும் பண்ணினது அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சு, நீ ஓடிட்டே. அதான் கொஞ்சம் பெருசா..."

"கெட்டுப்போச்சுன்னு சும்மா ஒரு பொய் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே!"

மூவரும் அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தார்கள்.

"பொய் சொல்றது பாவமில்லையா?" என்றார் நர்ஸ் அக்கா. "அதான் நிஜமாவே கெடுத்துட்டோம்."

கூலிங்குக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள் சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. மற்ற மூவரும் அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். டீச்சரம்மாவுக்கு முட்டிவலி. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்.

"எனக்கு ஜெபம் வரல டீச்சரம்மா."

"உன்ன யாரு கேட்டா? நாங்க ஜெபிக்கிறோம். நீ ஆமென் மட்டும் சொல்லு."

"அதுவும் வரலன்னா?"

"அதையும் நாங்களே சொல்லிக்கிறோம்" என்றார் டெய்லர். "நீ வந்து உக்காந்தா போதும்ணே. நீ இல்லாம எங்களுக்கும்தான் ஒண்ணும் சரியா வரல."

டீச்சரம்மா ஜெபிக்கத் தொடங்கினார். நர்ஸ் அக்கா தொடர்ந்தார். டெய்லர் குறுக்கே புகுந்து ஃபிரிட்ஜுக்காகவும் இரண்டு வார்த்தை வேண்டிக்கொண்டார். பிறகு அமைதி. அது கூலிங்கின் முறை. யாரும் அவரை இடிக்கவில்லை, இருமவில்லை. எழுந்து போய்விடலாமா என்று லேசாக ஒரு கண்ணைத் திறந்தார்.

எதிரே மூன்று பேரும் ஆளுக்கு ஒரு கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆண்டவரே," என்றார் கூலிங், பல்லைக் கடித்துக்கொண்டு, "இவங்களை முதல்ல கண்ணை மூடச் சொல்லும்!"

ஒருவரும் மூடவில்லை. "ஆமென்!" மட்டும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வந்தது.