தொட்டியில் ஸ்ரனிஸ்லாஸின் பக்கம்

வீட்டுப் பின்வளவில் சுடுதண்ணித் தொட்டி வைத்திருக்கிற தமிழ்க் குடும்பம் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் இருக்கிறது என்றால் ஆட்கள் சிரிப்பார்கள். காசு கூடிவிட்டது என்பார்கள். கத்தரீனா முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகைத் தொலைத்தவள். அவள் புருஷன் ஸ்ரனிஸ்லாஸ் கோழி வெட்டும் தொழிற்சாலையில் குளிருக்குள் நின்று இரண்டு தோளையும் தொலைத்தவன். தொலைந்ததை எந்த முதலாளியும் திருப்பித் தரவில்லை. டெனிஸ்காரன் ஒருவன் வீடு மாறும்போது விற்றுவிட்டுப் போன அந்தப் பழைய தொட்டிதான் கொஞ்சம் திருப்பித் தந்தது. இதில் ஆடம்பரம் எங்கே இருக்கிறது?

சனிக்கிழமை பின்னேரம் அவர்களுடையது. தமிழ்க்கடை நல்லெண்ணெயைச் சூடாக்கி, உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து ஊறவிட்டு, அப்படியே தொட்டிக்குள் இறங்குவார்கள். எதிரெதிரே இருப்பார்கள். வீட்டுச் சுவர் பக்கம் அவன், வேலிப் பக்கம் அவள். இடம் மாறுவோமா என்று கேட்டால் மாட்டான். தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு அவள் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருப்பான். அதிகம் கதைக்க மாட்டான். தன்னைத்தான் பார்க்கிறான் என்று நினைத்த அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

ஓய்வூதியம் கிடைத்ததும் ஸ்ரனிஸ்லாஸ் மட்டக்களப்புக்குப் போனான். தகப்பன் விட்டுப்போன வீட்டின் கூரையைத் திருத்திவிட்டு வருவதாகச் சொன்னான். கூரை முடிந்தது. பிறகு கிணறு என்றான். பிறகு மதில். திருத்த ஒன்றும் மிஞ்சாதபோது, மழை முடியட்டும் என்றான். மழை முடிந்து அடுத்த மழையும் வந்தது. அவன் வரவில்லை. எப்போது வருவாய் என்று கத்தரீனா நேராகக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவான் என்று பயம். சனிக்கிழமைகளில் மட்டும் தொட்டியைச் சூடாக்கி, எண்ணெய் தேய்த்து இறங்கி, எதிர்ப்பக்கம் வெறும் இருக்கையில் நுரை பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இலையுதிர் காலத்தில் தொட்டி நின்றது. முக்கி முனகி, ஒருநாள் அடியோடு நின்றது.

ஒடென்சேயில் இருக்கிற மகள் மரினா தொலைபேசியில் டெனிஸ் மொழியில் தீர்ப்புச் சொன்னாள்: தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள், சின்னதாக. கத்தரீனா கேட்கவில்லை. பிராண்டேயிலிருந்து சுஜிந்தனைக் கூப்பிட்டாள். அவன் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை. ஓய்வு நாளில் தமிழ் ஆட்களின் வீடுகளில் குழாய், பம்ப் பார்ப்பான். வந்து தொட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, வடிகட்டியை வெளியே இழுத்து மணந்து பார்த்தான்.

"அக்கா, இது தொட்டியோ, வடைச்சட்டியோ?"

"ஏன் தம்பி?"

"நல்லெண்ணெய் மணக்குது. எண்ணெயோடயே இதுக்கை இறங்கிறனீங்களோ?"

"முழுகாம வேற என்னத்துக்கு மனே தொட்டி?"

"கடவுளே! டெனிஸ்காரன் கண்டால் அழுவான். பம்ப் என்னெண்டு மூச்சு விடும்? இவ்வளவு காலம் ஓடினதே பெரிய விசயம்."

கையைத் துடைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினான். குழாய்களைக் கழுவலாம். பம்ப் களைத்துவிட்டது, அந்த மாதிரி இப்போது வருவதில்லை. தண்ணீர் பீச்சும் துவாரங்களில் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் மற்றப் பக்கத்துக்கு வேகம் வரும், தொட்டி இன்னும் சில காலம் ஓடும். இரண்டு பக்கமும் வேண்டும் என்றால் புதுசுதான்.

"அண்ணை வாறாரெண்டால் புதுசு போடுங்கோ. இல்லாட்டி ஒரு பக்கமே காணும். அண்ணை வாறாரோ?"

அவன் பம்புக்காகத்தான் கேட்டான். கத்தரீனா குசினிக்குள் போய் மட்டக்களப்புக்கு அழைப்பு எடுத்தாள்.

"இஞ்சேருங்க, தொட்டி பழுதாப் போயிற்று. திருத்தவா, புதுசு வாங்கவா?"

"அது இன்னும் கிடக்கா?" ஸ்ரனிஸ்லாஸ் சிரித்தான்.

"புதுசெண்டா பெரிசா வாங்கலாம். உங்கட தோளுக்கு நல்லம்."

"இஞ்ச வெயிலுக்குத் தோள் நோவே இல்ல புள்ள." என்றான். "ஒரு ஆளுக்கு என்னத்துக்குப் பெரிசு?"

"அப்ப வரமாட்டீங்களா?"

"நீ வாவன் இஞ்ச."

"மரினா இஞ்ச இருக்காளே."

"ஓம். அதுதானே."

மறுகா எடுக்கிறேன் என்று அவன்தான் முதலில் வைத்தான்.

கத்தரீனா வெளியே வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

"ஒரு பக்கம் காணும் தம்பி. அடை."

"சரி அக்கா. அண்ணையின்ர பக்கத்தை அடைக்கிறன்."

"இல்ல. என்ட பக்கத்த அடை."

"உங்கட பக்கம்தான் குழாய் நல்லாக் கிடக்கு."

"அடை எண்டா அடை மனே. அவர்ட பக்கம் ஓடட்டும்."

சுஜிந்தன் அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து வேலையைத் தொடங்கினான். போகும்போது, "இனி ஒரு சொட்டு எண்ணெய் கண்டனெண்டால் பிராண்டேயிலயிருந்து வரவே மாட்டன், சொல்லிப்போட்டன்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, குளியலறையில் சீயக்காய் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுத்தான் இறங்கினாள். பழக்கத்தில் தன் பக்கம் போனாள். தண்ணீர் அங்கே அசையாமல் கிடந்தது. எழும்பி எதிர்ப்பக்கம் போய், ஸ்ரனிஸ்லாஸ் இருந்த பள்ளத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் தோளில் அடித்தது. அவன் செய்வது போலவே தலையைப் பின்னால் சாய்த்தாள்.

எதிரே தன் இருக்கை தெரியும் என்றுதான் நினைத்தாள். தலை சாய்ந்ததும் அது கண்ணில் படவில்லை. வேலிக்கு மேலே வானம் மட்டும் தெரிந்தது. அந்த வானத்தில் பிலுண்ட் விமான நிலையத்திலிருந்து ஒரு விமானம் ஏறிக்கொண்டிருந்தது. பின்னேர வெயில் இறக்கையில் பட்டு மின்னியது. அவள் வழக்கமாக இருந்த இடத்தில் இவை எல்லாம் முதுகுக்குப் பின்னால். சத்தம் மட்டும் கேட்கும்.

இத்தனை சனிக்கிழமையும் அவன் இதைத்தான் பார்த்திருக்கிறான்.

விமானம் சிறிதாகி முகிலுக்குள் போகும்வரை கத்தரீனா கண்ணை எடுக்கவில்லை. பிறகு தோள் நனையத் தண்ணீருக்குள் இறங்கி, அங்கேயே இருந்தாள். காற்று மாறினால் இறங்குகிற விமானமும் இதே பக்கமாகத்தான் வரும்.